பாடுகிறவளுக்குப் பின்னால்

ஆம்பூர்
10-2-1985

அன்புத் தங்கை மலருக்கு,

அண்ணன் ஐசக் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் அம்மா, உன் அண்ணி ரோஸ், நான் மூன்று பேரும் சுகம். ரோஸுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை ஜாஸ்தி, விடைத்தாள்களை வீட்டுக்கே தூக்கி வந்துவிடுகிறாள். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வலது கண்ணில்தான் புரை முற்றிவிட்டது. வெயில் ஆரம்பித்ததும் வேலூரில் ஆபரேஷன் செய்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தோல் பதனிடும் ஷாப்புக்குப் போய், மதியம் தோல் தரம் பிரிக்கிற மேஜையில் உட்கார்ந்து வாசித்தேன். உங்கள் மஸ்கட் தமிழ்ச் சபையில் பேஸ் கிட்டார் வாசித்துவந்த நாகர்கோவில்காரர் வேலை முடிந்து ஊருக்குத் திரும்பிவிட்டதாகவும், கிட்டாரையும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியையும் சபைக்கே விட்டுப்போனதாகவும், யாராவது கற்றுக்கொள்கிறீர்களா என்று பாஸ்டர் கேட்டபோது நீ கை தூக்கிவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேஜை கன்னியப்பன், “இன்னா ஐசக், லாட்டரி உழுந்துச்சா?” என்றான். என் தங்கை பேஸ் கிட்டார் வாசிக்கப்போகிறாள் என்றேன். அவன் கையில் இருந்த தோலைக் கீழே வைத்துவிட்டு, “நர்ஸம்மாவா?” என்று கேட்டான்.

“எனக்குத்தான் சுருதி நிற்காதே அண்ணா, பாட்டுப் பக்கம் போக முடியாது. பின்னால் நின்று நாலு கம்பியையாவது சுண்டுகிறேன்” என்று நீ எழுதியிருந்த வரியை இரண்டு தடவை வாசித்தேன். சரி, பாடத்துக்கு வருகிறேன்.

முதலில் கிட்டாரை மாட்டும் வாரைச் சரி செய். உட்கார்ந்து மடியில் வைக்கும்போது கிட்டார் எந்த உயரத்தில் இருக்கிறதோ, நின்றாலும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். இளவட்டப் பையன்கள் முழங்கால் வரைக்கும் தொங்கவிட்டுக்கொள்வார்கள், அது பார்க்கிறவர்களுக்காக. நீ ஏற்றிக் கட்டிக்கொள். கனமாகத்தான் இருக்கும். நோயாளியைத் தூக்கி உட்காரவைக்கிறவளுக்கு இது பெரிதில்லை.

வலது கைக் கட்டைவிரலுக்கு ஓர் இடம் வேண்டும். கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். அதன் விளிம்பில் கட்டைவிரலை ஊன்றிக்கொள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் வேலை செய்யட்டும். ஆள்காட்டி, நடு, ஆள்காட்டி, நடு. நடக்கும்போது வலது கால், இடது கால் என்று வைக்கிறோம் அல்லவா, அப்படி. ஒரே காலால் நொண்டக் கூடாது.

கம்பியைக் கொக்கி போட்டு வெளியே இழுக்காதே. எல்லோரும் முதலில் அதைத்தான் செய்வார்கள். இழுத்தால் அது திரும்பிப் போய்ப் பலகையில் ‘டக்’கென்று அடிக்கும். நகம் படாமல், விரல் நுனியின் சதையால் கம்பியை அழுத்தி, உன் உடம்புப் பக்கமாகத் தள்ளிவிடு. விரல் வழுக்கிப் போய் அடுத்த தடித்த கம்பியின்மேல் சாய்ந்து நிற்க வேண்டும். அப்படி நின்றால் அந்தக் கம்பியும் வீணாக அதிராது. எல்லாவற்றிலும் தடித்ததான மேல் கம்பியைச் சுண்டும்போது விரல் கட்டைவிரலில் வந்து சாயும். கீழ்க் கம்பிகளுக்குப் போகும்போது கட்டைவிரலையும் இறக்கி மேல் கம்பியின்மேல் வைத்துவிடு, அது சும்மா முனகிக்கொண்டிருக்காது.

இடது கையை இந்த மாதம் மறந்துவிடு. ஒரே கம்பி, ஒரே சத்தம், தினமும் கால் மணி நேரம். நான் சொல்வது சலிப்பாக இருக்கும். நான் ஆரம்பித்தபோது எனக்குச் சொல்ல யாரும் இல்லை, இரண்டு வருஷம் கொக்கி போட்டுத்தான் இழுத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே பாலாற்றில் மணல்தான் ஓடுகிறது. மாதனூர் மாமா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கரிக்க ஆரம்பித்துவிட்டது, சோறு வடித்தால் மஞ்சளாக இருக்கிறது என்று அத்தை சொன்னார்கள். அந்தத் தண்ணீரைக் கெடுக்கிற இடத்தில்தானே நான் சம்பளம் வாங்குகிறேன், அதனால் பேச்சை மாற்றிவிட்டேன். எங்கள் முதலாளி இப்போது ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் பாக்டரி ஒன்றும் திறந்திருக்கிறார். அத்தை மகள் தேவகி அதில் சேர்ந்திருக்கிறாள். காலையில் கம்பெனி பஸ் மாதனூருக்கே வருகிறதாம்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். வெயில் காலத்தில் நிறையத் தண்ணீர் குடியுங்கள். கர்த்தர் உன் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக.

அன்பு அண்ணன்,
ஐசக்


ஆம்பூர்
21-4-1985

அன்புத் தங்கை மலருக்கு,

உன் இரண்டு கடிதங்களும் ஈஸ்டர் வாரத்தில் சேர்ந்தே வந்தன. பண்டிகையை நல்லபடியாக ஆசரித்தோம். ரோஸ் உனக்குப் பிடிக்குமே என்று அதிரசம் சுட்டாள். உன் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

விரல் நுனியில் கொப்புளம் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். நர்ஸுக்கு நான் என்ன வைத்தியம் சொல்வது? உடைக்காதே, இரண்டு நாள் விடு. ஆறின இடத்தில் தோல் காய்த்துவிடும். அதற்குப் பிறகு வலிக்காது. கொப்புளம் வருகிறதென்றால் நீ பலமாகச் சுண்டுகிறாய் என்று அர்த்தம். கம்பியோடு மல்லுக்கட்ட வேண்டாம். நாங்கள் தோலில் பழுது பார்க்கும்போது உள்ளங்கையை அழுத்துவதில்லை, மேலாக ஓட்டுவோம். அழுத்தினால் ஒன்றும் தெரியாது. அவ்வளவு லேசாகத் தொட்டுப் பார், மீதியைப் பெட்டி பார்த்துக்கொள்ளும்.

ஒரு விரல் சத்தமாகவும் ஒரு விரல் சன்னமாகவும் கேட்கிறது என்றாய். அது நல்ல செய்தி, உனக்குக் காது வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு வாசி. எது ஆள்காட்டி, எது நடுவிரல் என்று உனக்கே தெரியாமல் போகிறவரை வாசி. சுண்டும் இடத்தையும் மாற்றிப் பார். கம்பிகள் வந்து முடிகிற அடிப்பக்கம் சுண்டினால் சத்தம் இறுக்கமாக, வெட்டி வெட்டி விழும். கழுத்துப் பக்கம் போனால் குண்டாக, மெத்தென்று வரும். நீ பிக்கப்புக்கு மேலேயே இரு, பாட்டுக்கு ஏற்ற மாதிரி பிறகு நகரலாம்.

அடுத்து நீ கேட்டிருப்பது வால்யூம். ‘எவ்வளவு வைக்கணும் அண்ணா? ஆர்கன் வாசிக்கிற அக்கா ஒருநாள் ஜாஸ்தி என்கிறாள், ஒருநாள் கேட்கவே இல்லை என்கிறாள்’ என்று எழுதியிருக்கிறாய். சொல்கிறேன். கிட்டாரில் ஒரு திருகு இருக்கிறது, பெட்டியில் ஒரு திருகு இருக்கிறது. சுவிட்சைப் போடுமுன் இரண்டையும் பூஜ்யத்தில் வை. இல்லையென்றால் ‘டொப்’பென்று ஒரு சத்தம் வந்து சபையே திரும்பிப் பார்க்கும். பிறகு கிட்டார் திருகை முக்கால் பங்குக்குக் கொண்டுவா. அதற்குப் பிறகு பெட்டியை ஒன்று, இரண்டு என்று மெதுவாக ஏற்று. முழுசாக ஒன்றையும் திருப்பாதே, கொஞ்சம் கையிருப்பு இருக்கட்டும். பாட்டு நடுவில் ஏற்ற இறக்கம் வேண்டுமென்றால் திருகைத் தொடாமல் விரலால் செய்.

பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எனக்கே கேட்கவில்லையே என்று ஏற்றிவிடாதே. இந்தக் கனத்த சத்தம் பக்கத்தில் நிற்கிறவனை விட்டுவிட்டுத் தூரத்தில் போய் உருளும். யாரையாவது வாசிக்கச் சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து கேள். பாடுகிறவர் எங்கே நிற்கிறார், பெட்டி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பாடுகிறவர் காதுக்குள் பெட்டி பேசக் கூடாது. தன் குரல் தனக்குக் கேட்காமல் போனால் எப்பேர்ப்பட்ட ஆளும்

மேலே உள்ள வரியை முடிக்காமல் எழுந்து போய்விட்டேன். தபால்காரர் வந்தார். இப்போது அதை முடிக்க வரவில்லை. பாடுகிறவருக்குக் கேட்கும்படி வாசி, அவ்வளவுதான்.

நம் சபையில் இப்போதும் ஞாயிறுதோறும் வாசிக்கிறேன். ஐசக் வாசித்தால் வாசிப்பதே தெரியாது, அவ்வளவு அடக்கம் என்று நம் போதகர் ஐயர் போன வாரம் பிரசங்கத்திலேயே சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரோஸுக்குப் பெருமை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

நீ வாசிப்பதை ஒரு கேசட்டில் பதிவு செய்து அனுப்பு. கேட்டால்தான் எங்கே தவறு என்று சொல்ல முடியும். நம் தெரு சுகரா பேகம் அக்காவின் மகன் ஜூன் மாதம் மஸ்கட்டிலிருந்து லீவில் வருகிறானாம், அவனிடம் கொடுத்துவிடு. அம்மாவுக்கு மே கடைசியில் ஆபரேஷன். ஜெபத்தில் வைத்துக்கொள்.

அன்பு அண்ணன்,
ஐசக்


ஆம்பூர்
14-7-1985

மலருக்கு,

அம்மாவின் ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கட்டுப் பிரித்துவிட்டார்கள், பச்சைக் கண்ணாடி போட்டிருக்கிறாள். அதைப் பற்றிக் கவலைப்படாதே. இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது வாசி. மாப்பிள்ளைக்குக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

உன் கேசட் அம்மா கண்ணில் கட்டோடு படுத்திருந்தபோதே வந்துவிட்டது. நீ போன வருஷம் அனுப்பின டேப் ரிக்கார்டரில் மத்தியான நேரத்தில் போட்டுக் கேட்டேன். விரல்கள் நன்றாக இருக்கின்றன. இரண்டும் ஒரே அளவில் விழுகின்றன. கம்பி எங்கேயும் அடிக்கவில்லை. மூன்றாவதாக வாசித்ததில், நான் இன்னும் சொல்லித் தராத இடது கையை நீயாகத் தேடிக்கொண்டிருந்தாய் போல, கிட்டார் நின்றுவிட்டது. கிட்டார் நின்ற இடத்தில் நீ அடுத்து வர வேண்டிய சத்தத்தை வாய்க்குள் பாடினாய். ரிக்கார்டர் ஓடுவதை மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். அரை நிமிஷம் இருக்கும். அதற்குப் பிறகு நீ கம்பியைத் தொட்டபோது குரலும் கம்பியும் ஒன்றாக இருந்தன. இம்மிகூட விலகவில்லை.

கட்டிலில் படுத்திருந்த அம்மா, “யாரு, மலருதானே பாடறது?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். முகத்தை என் பக்கம் திருப்பினாள். பிறகு, “நல்லாதான பாடறா. சுருதி நிக்கலன்னு நீதான சொன்ன” என்றாள்.

அம்மாவுக்கு அன்று பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

எழுபத்தேழு டிசம்பரில் குடியாத்தம் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் நம் குழு வாசித்தது உனக்கு மறந்திருக்காது. நான், டிரம்ஸுக்கு அமீர் பாஷா, அக்கார்டியனுக்கு ராமமூர்த்தி, பாடுவதற்கு நீ. அம்மாவும் நம்மோடு வந்திருந்தாள். மெட்ராஸ் மெல்லிசைக் குழு ஒன்றிலிருந்து ஒருவர் உன் பாட்டைக் கேட்க வந்திருந்தார். அதற்கு ஒரு மாதம் முன்பு அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, அதை நான்தான் முதலில் பிரித்தேன். உனக்கு விஷயத்தை மட்டும் சொன்னேன், கடிதத்தைக் காட்டவில்லை. வாணியம்பாடியில் நம் நிகழ்ச்சியைக் கேட்டதாகவும், அந்தப் பெண்ணின் குரல் மனதை விட்டுப் போகவில்லை என்றும், மறுபடி ஒருமுறை கேட்டுவிட்டு மெட்ராஸுக்கு அழைத்துக்கொள்ள விருப்பம் என்றும் எழுதியிருந்தார். குழுவை ஆரம்பித்தவன் நான். ஆறு வருஷம் ராத்திரி ஷிப்ட் பார்த்து, கல்கத்தா கிட்டார் வாங்கி, வஹீத் பாய் ரேடியோ கடையில் தவம் கிடந்து பெட்டி செய்து வாங்கியவன் நான். அந்தக் கடிதத்தில் என் பெயரே இல்லை. ‘பேஸ் வாசிப்பவர்’ என்றுகூட ஒரு வார்த்தை இல்லை.

அன்று மேடையில் சாமான்களை அடுக்கியது யார் என்று யோசித்துப் பார். ராமமூர்த்தியின் ஸ்டூல் எப்போதும் உனக்கு வலது கைப்பக்கம், இரண்டு அடியில் இருக்கும். நீ அவன் அக்கார்டியனைக் கேட்டுத்தான் சுருதி பிடிப்பாய். அவன் மைக்கின் ஒயர் எட்டவில்லை என்று சொல்லி அவனை மேடையின் அந்தக் கோடிக்கு அனுப்பினேன். ஒயர் எட்டியது. என் பெட்டியை எப்போதும் தரையில் வைப்போம். அன்று ஒரு பெஞ்சைக் கொண்டுவரச் சொல்லி அதன்மேல் ஏற்றி, உன் தலைக்கு நேர் பின்னால் நிறுத்தினேன். ஒலிபெருக்கி எல்லாம் ஜனங்களைப் பார்த்து இருந்தது. மேடைமேல் உனக்குக் கேட்கிறது என்று இருந்தது என் பெட்டி ஒன்றுதான்.

முதல் பாட்டை நன்றாகப் பாடினாய். அந்த மனிதர் முன் வரிசையில் தலையாட்டியதைப் பார்த்தேன். இரண்டாவது பாட்டின் சரணத்தில் கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பெட்டியின் திருகை நாலிலிருந்து எட்டுக்குத் திருப்பினேன். கை தவறி அல்ல. அமீர் பாஷா குச்சியைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தான், கோளாறு என்று சைகை காட்டினேன். நீ குரலை உயர்த்தினாய். பிறகு கீழே வந்தாய், சுருதியைத் தேடினாய். எனக்கு எல்லாம் தெரிந்தது. எங்கே நின்றால் யாருக்கு என்ன கேட்கும் என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியுமே. பல்லவிக்குத் திரும்பி வரும்போது நீ எங்கோ போய்விட்டிருந்தாய். பையன்கள் சிரித்தார்கள். நீ பாட்டை நிறுத்தினாய். அந்த மனிதர் டீ வருவதற்கு முன்பே கிளம்பிப் போய்விட்டார்.

“இன்னா ஐசக், உன் பொட்டி இன்னிக்கி கத்து கத்துன்னு கத்திச்சே” என்று ராமமூர்த்தி கேட்டான். வஹீத் பாய் ரிப்பேர் செய்ததில் ஏதோ தப்பு என்று சொன்னேன்.

இதெல்லாம்கூட ஒரு கிறுக்குத்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு மணி பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும்போது நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, “அண்ணா, எனக்கு இன்னா ஆச்சி?” என்று கேட்டாய். என் பெட்டி ஜாஸ்தியாகிவிட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது, அக்கார்டியன் தூரமாகப் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். “உனக்கு சுருதி நிக்கல மலரு. ஊட்ல பாடறதுக்கு சரி. மேடைக்கு ஆவாது.” நீ தலையாட்டினாய். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். பச்சகுப்பம் வரும்வரை நான் உன் பக்கம் பார்க்கவில்லை.

அடுத்த ஜூனில் நீ நர்ஸிங் சேர்ந்தாய். பொன்மலர் சிஸ்டர் என்று வார்டில் எல்லோரும் உன்னைக் கொண்டாடினார்கள். நல்ல மாப்பிள்ளை அமைந்தார், மஸ்கட் போனாய். நல்லதுதானே நடந்தது, மெட்ராஸ் போயிருந்தால் என்ன கதியோ என்று எட்டு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கும் அது பிடித்திருக்காது, ஊரும் பேசியிருக்கும், நான் உன்னைக் காப்பாற்றினேன் என்றுகூடச் சில நாள் நினைத்திருக்கிறேன். அது உண்மை இல்லை. கையைத் திருகில் வைத்தபோது நான் ஊரை நினைக்கவில்லை. அம்மாவை நினைக்கவில்லை. அந்தக் கடிதத்தில் என் பெயர் இல்லாததைத்தான் நினைத்தேன்.

உனக்குச் சுருதி நிற்கும், மலர். எப்போதும் நின்றது. நான் சொன்னது பொய்.

இதற்குமேல் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. மன்னித்துவிடு என்று கேட்கவும் தோன்றவில்லை. கேட்டால் நீ உடனே சரி என்று எழுதிவிடுவாய். அப்படித்தான் நீ.

ஐசக்


ஆம்பூர்
3-11-1985

அன்புத் தங்கை மலருக்கு,

இதை நீ வாசிப்பாயோ, மடித்து வைத்துவிடுவாயோ தெரியாது. செப்டம்பரில் நீ எழுதிய ஐந்து வரிக் கடிதத்தைப் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். “எட்டு வருஷமாகச் சர்ச்சில் எல்லோரும் பாடும்போது நான் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். என் குரல் பக்கத்தில் நிற்கிறவர்களைக் கெடுத்துவிடும் என்று பயம். இனிப் பாடம் அனுப்ப வேண்டாம். அம்மா கண்ணுக்குச் சொட்டு மருந்து அனுப்பியிருக்கிறேன்.” நான் பயந்தது போல நீ உடனே சரி என்று எழுதிவிடவில்லை. அது எனக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது. கோபப்படு. நிறைய நாள் கோபப்படு.

சொட்டு மருந்து வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு இப்போது தெருக்கோடி வரை தெரிகிறது. யார் வீட்டுக்கு யார் போகிறார்கள் என்று எல்லாம் சொல்லிவிடுகிறாள்.

வஹீத் பாயிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவருக்கு வயதாகிவிட்டது, கடையை மகன் பார்க்கிறான். அன்றைக்குப் பெட்டியில் கோளாறு இல்லை பாய், என் கையில்தான் கோளாறு என்றேன். “அடப் போ தம்பி, நான் அத எத்தினி வாட்டி பிரிச்சிப் பாத்தேன் தெரியுமா? சால்டர் உட்டுப் போச்சான்னு பாத்துப் பாத்து எனக்குப் பேஜாரா பூட்ச்சி” என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. நான் எழுந்து வரும்போது, “பொண்ணு நல்லாப் பாடுமே. எங்க வூட்ல கதவத் தொறந்து வெச்சிக் கேப்பாங்க” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

ராமமூர்த்தி இப்போது ஜோலார்பேட்டை ரயில்வேயில் இருக்கிறான். அவனுக்கும் எழுதினேன். அமீர் பாஷாவை ஷாப்பிலேயே பார்த்துச் சொன்னேன். “எனக்கு அப்பவே சந்தேகம். தோஸ்தாச்சேன்னு கேக்கல” என்றான். அதற்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

கடைசியாக அம்மாவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். முழுக்கக் கேட்டாள், கை நிற்கவில்லை. பிறகு, “பாத்தேன்டா” என்றாள். எனக்குப் புரியவில்லை. “முன்னாடி பாய்லதான ஒக்காந்திருந்தேன். நீ கைய பின்னாடி கொண்ட்டுப் போய் அத முறுக்கனத பாத்தேன். எதுக்குன்னு அப்பத் தெரியல. அவ பாட்ட உட்டப்ப தெரிஞ்சிச்சி” என்றாள். ஏன் கேட்கவில்லை என்றேன். “எனக்கும் அவ மெட்ராஸுக்குப் போறது இஷ்டம் இல்ல. நீ பண்ண, நான் வாய மூடிக்கினேன். பஸ்ல நீ அவகிட்ட சொன்னதையும் கேட்டுக்கினுதான் வந்தேன்” என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். இதை நான் எழுதியே ஆக வேண்டும் என்று அவளே சொன்னாள். என் பங்கைக் குறைத்துக்கொள்ள எழுதுவதாக நினைக்காதே. அம்மா பேசாமல் இருந்தது ஒரு பக்கம். திருகியது என் கை. சொன்னது என் வாய்.

போன வாரம் மாப்பிள்ளை தனியாக எனக்கு எழுதியிருந்தார். நான் உனக்கு என்ன எழுதினேன் என்று அவருக்கு நீ சொல்லவில்லை போலிருக்கிறது, அவரும் கேட்கவில்லை. கிட்டாரை நீ சபைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும், ஒரு மலையாளத் தம்பி அதைக் கற்றுக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறார். கிறிஸ்துமஸ் ஆராதனையில் தனியாகப் பாட ஆள் தேடுகிறார்களாம். பெயர் எழுதும் தாள் மூன்று வாரமாக வாசல் பலகையில் தொங்குகிறதாம், நீ போகும்போதெல்லாம் அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டு வருகிறாயாம். “மலர் சமையலறையில் மாவு பிசையும்போது பாடுகிறாள், நான் உள்ளே போனால் நிறுத்திவிடுகிறாள். அதனால் நான் போவதில்லை, ஹாலிலேயே உட்கார்ந்து கேட்கிறேன்” என்று எழுதியிருக்கிறார். தேவசகாயம் என்ற பெயருக்கு ஏற்ற மனிதர்தான் அவர். உனக்கு நான் செய்யாததை அவர் செய்கிறார்.

பாடம் வேண்டாம் என்றாய். இது பாடம் இல்லை. பாடு என்று சொல்லும் உரிமையும் எனக்கு இல்லை. பேர் எழுதுவதும் எழுதாததும் உன் விருப்பம்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என்றைக்காவது நீ மைக்குக்கு முன்னால் நின்றால், பின்னால் வாசிப்பது யாராக இருந்தாலும், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், உன் குரல் உனக்குக் கேட்காமல் போனால் அந்த இடத்திலேயே நிறுத்து. வெட்கப்படாதே. திரும்பி அவர் முகத்தைப் பார். குறைக்கச் சொல். குடியாத்தத்தில் நீ தடுமாறின அந்த ஒரு நிமிஷமும், இவள் இப்போது திரும்பிப் பார்த்துவிடுவாள், என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவாள் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். நீ திரும்பவே இல்லை. பின்னால் இருக்கிறது அண்ணன்தானே என்று இருந்துவிட்டாய்.

கர்த்தர் உனக்கு முன்னும் பின்னும் காவலாக இருப்பாராக. பின்னாலும், மலர்.

ஐசக்